நீலகிரியில் மாருதி வாங்குவோருக்கு: எந்த வண்டி எந்த ஏற்றத்துக்கு

ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. கோவையில் துள்ளிக்கொண்டு ஓடிய கார் ஊட்டி சேரிங் கிராஸ் வந்ததும் சோம்பேறியாகிவிடுவதற்கும் அதே காரணம்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின் தானாக உறிஞ்சும் காற்றை நம்பியே ஓடுகிறது. காற்று குறைந்தால் எரிபொருளும் குறைகிறது, இழுவையும் குறைகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். காகிதத்தில் 82 குதிரைத்திறன் காட்டும் ஸ்விஃப்ட், ஊட்டி மார்க்கெட் ஏற்றத்தில் 65 சுமாருக்குத்தான் உழைக்கும். குன்னூரில் இழப்பு கொஞ்சம் குறைவு. கூடலூர் பக்கம் பத்தில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடும்.

அதனால் சமவெளி ஊர்க்காரர் மாருதி ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி (‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?’) மலைக்காரருக்கு மூன்றாவது, நாலாவது கேள்விதான். முதலில் கேட்க வேண்டியது டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) எவ்வளவு, அது எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) கிடைக்கிறது, ஆள் ஏறிய பிறகு வண்டி எவ்வளவு கனக்கும் என்பதுதான்.

ஒரு சங்கதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மலையில் பலர் இன்னும் பழைய டீசல் ஸ்விஃப்டையும் டீசல் எர்டிகாவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் புதுசு பார்க்கப் போகிறார்கள். அந்த 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்டில் 2,000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தது, அதுவும் டர்போவோடு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசலை விட்டுவிட்டது. இன்றைய 1.2 பெட்ரோலில் 112, அதுவும் 4,300 ஆர்பிஎம்மில். பழைய பழக்கத்தில் மூன்றாவது கியரில் வளைவுக்குள் நுழைந்தால் வண்டி முக்கத்தான் செய்யும். அது வண்டியின் பழுதல்ல. புது பெட்ரோல் வண்டியைச் சத்தம் கேட்க விட்டு, கியரைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

டார்க்கை எடுத்து, ஆளோடு சேர்ந்த மொத்த எடையால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 65 கிலோ, நாலு பேர், 40 கிலோ மூட்டை என்றால் 300 கிலோ. வண்டியின் வெற்று எடையை பிரௌஷரில் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். ஒரு டன்னுக்கு இத்தனை நியூட்டன் மீட்டர் என்று வரும்.

ஆல்டோ கே10 இன்ஜினில் 89; ஆளோடு 1,050 கிலோ என்று வைத்தால் டன்னுக்கு 85. அதே இன்ஜின் வேகன் ஆர் 1.0-இல் கனமான உடம்பை இழுக்க வேண்டியிருப்பதால் 79 ஆக இறங்குகிறது. ஆனால் வேகன் ஆரை 1.2 இன்ஜினோடு எடுத்தால் 113 நியூட்டன் மீட்டர். எடை பெரிதாகக் கூடுவதில்லை, கணக்கு 98-க்குப் போய்விடும். ஸ்விஃப்ட் 92 சுமார். பிரெஸ்ஸா 95. ஃப்ராங்க்ஸ் 1.0 டர்போ 110.

எர்டிகாவை ஏழு பேரோடு கணக்கிட்டால் 82. அதாவது ஏழு பேர் ஏறிய எர்டிகா, நாலு பேர் ஏறிய ஆல்டோவைவிட மலையில் சற்றுப் பலவீனமான வண்டி. பெரிய வண்டிக்குப் பெரிய பலம் என்று நினைத்து வாங்குபவர்கள் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் ஏமாறுவது இங்கேதான்.

கியர் விகிதம், டயர் உயரம் எல்லாம் இதில் அடங்கவில்லை, உண்மைதான். ஆனாலும் ஷோரூமில் சேல்ஸ்மேன் பேசத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டிய கணக்கு இது.

இதில் ஃப்ராங்க்ஸ் டர்போவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த 998 சிசி பூஸ்டர்ஜெட் இன்ஜின் 148 நியூட்டன் மீட்டரை 2,000 ஆர்பிஎம்மிலிருந்தே கொடுக்கிறது. டர்போ காற்றை அமுக்கித் தள்ளுவதால் உயரத்தில் இழப்பும் மற்றவற்றைவிடக் குறைவு. பழைய டீசலுக்குப் பழகிய காலுக்கு மாருதியில் இன்று கிட்ட வருவது இதுதான். குறை இல்லாமல் இல்லை. 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே விழுந்தால் டர்போ தூங்கிவிடும்; கொண்டை ஊசியிலிருந்து வெளியே வரும்போது ஒரு நொடி ஒன்றுமே நடக்காதது போல இருந்து, பிறகு திடீரென்று இழுக்கும். ஈரச் சாலையில் அந்தத் திடீர் இழுவையில் முன்சக்கரம் கிறீச்சிடும். வளைவுக்குள் நுழையுமுன்பே செகண்ட், குறுகல் என்றால் ஃபர்ஸ்ட் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதே ஃப்ராங்க்ஸ் 1.2 இன்ஜினோடும் வருகிறது. வெளியே பார்த்தால் ஒரே வண்டி, மலையில் இரண்டும் வேறு வேறு. விலைப்பட்டியலில் எந்த இன்ஜின் என்று உறுதிசெய்துகொண்டு முன்பணம் கட்டுங்கள்.

வீட்டுக்குப் போகும் வழி

மெயின் ரோட்டில் எந்த வண்டியும் போய்விடும். மாடலைத் தீர்மானிப்பது கடைசி 200 மீட்டர். ஹட்டிக்குள் (படுகர் ஊர்) போகும் கான்கிரீட் பாதை, தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்குத் திரும்பும் எஸ்டேட் ரோடு, இரண்டு பக்கமும் கருங்கல் சுவர் வைத்த குன்னூர் சந்து: டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வாருங்கள். மிகக் குறுகலான இடத்தின் அகலம், வீட்டு வாசலில் வண்டி திருப்ப எவ்வளவு இடம், மெயின் ரோட்டிலிருந்து பாதை கீழே விழும் இடத்தில் விளிம்பு எவ்வளவு செங்குத்து. மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆல்டோவின் அகலம் 1,490 மில்லிமீட்டர். பிரெஸ்ஸா 1,790. வித்தியாசம் சரியாகப் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் நீளம். எதிரே பால் வண்டி வரும் சந்தில் அந்த ஒரு ஸ்கேல்தான் கண்ணாடி உடைவதும் உடையாததும். ஆல்டோவின் திருப்பும் ஆரம் 4.5 மீட்டர், ஸ்விஃப்ட் 4.8, எர்டிகா 5.2. பார்க்கக் குட்டியாக இருக்கிறதே என்று ஜிம்னியை நம்பி வாங்கினால் அதன் ஆரம் 5.7 மீட்டர். ஆல்டோ ஒரே மூச்சில் திரும்பும் இடத்தில் ஜிம்னி ஒரு தடவை பின்னால் வந்துதான் திரும்பும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று எல்லோரும் ஒரு எண்ணைச் சொல்வார்கள். ஸ்விஃப்டுக்கும் டிசையருக்கும் 163 மில்லிமீட்டர், ஃப்ராங்க்ஸுக்கு 190, ஜிம்னிக்கு 210. அந்த எண் பாதி உண்மைதான். சரிவான வாசலில் முதலில் இடிப்பது முன் பம்பரின் கீழ் உதடு; அடுத்து வண்டியின் நடுவயிறு. டிசையர் போலத் தாழ்வான வண்டி மேடு ஏறி இறங்கும் இடத்தில் நடுவில் தட்டும். வெறும் வண்டியில் தட்டாது; பின்னால் மூன்று பேர் உட்கார்ந்ததும் தட்டும். ஷோரூம்காரரிடம் டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டு வாசல்வரை கொண்டுவரச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த ஷோரூமைக் கூப்பிடுங்கள்.

தங்கள் குடும்பம் நாலு பேர், வீடு குறுகலான சந்தில், மாதம் இரண்டு தடவை மேட்டுப்பாளையம் போய் வருவது என்றால் வேகன் ஆர் 1.2 எடுங்கள் என்றே சொல்லலாம். உயரமான கூரை, ஏறி இறங்கச் சிரமமில்லாத சீட், 1,620 மில்லிமீட்டர் அகலம், இழுவையும் உண்டு. ஸ்டைலாக இல்லை என்று வீட்டில் பிள்ளைகள் முகம் சுளிக்கக்கூடும். அதிவேகச் சாலையில் கோவை, சேலம் என்று அடிக்கடி ஓடுபவர்கள் மட்டும் டிசையரைப் பாருங்கள். 2024-இல் வந்த புது டிசையர் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது, டிக்கியும் பெரிது.

ஆட்டோமேட்டிக்கா, கையாலா?

மாருதியில் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள், மலையில் இந்த வித்தியாசம் பணத்தைத் தின்னும். ஏஜிஎஸ் என்று எழுதியிருந்தால் அது சாதாரண கிளட்ச், சாதாரண கியர்பாக்ஸ். காலுக்குப் பதில் ஒரு மோட்டார் கிளட்சை மிதிக்கிறது. ஆல்டோ, செலிரியோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், டிசையர், பலேனோ, ஃப்ராங்க்ஸ் 1.2 எல்லாவற்றிலும் இதுதான். பிரெஸ்ஸா, எர்டிகா, ஃப்ராங்க்ஸ் டர்போவில் வருவது டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே பலம் கடத்துவது) உள்ள 6 வேக ஆட்டோமேட்டிக். ஜிம்னியில் பழைய 4 வேகம்.

மே மாதம் குன்னூர் ரோட்டில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும்போது ஏஜிஎஸ் வண்டிக்காரர் செய்யும் தப்பு, பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைச் சரிவில் நிறுத்தி வைப்பது. டார்க் கன்வர்ட்டர் அதைக் கொஞ்ச நேரம் பொறுக்கும். ஏஜிஎஸ்ஸில் அந்த நேரமெல்லாம் கிளட்ச் பிளேட் பாதி ஒட்டி, பாதி வழுக்கிக்கொண்டு எரிகிறது. கருகல் வாசனை வந்தபின் நிறுத்தினால் பிளேட்டின் ஆயுளில் ஒரு துண்டு போய்விட்டது என்று அர்த்தம். வண்டி நின்றால் பிரேக், ஒரு நிமிடத்துக்கு மேல் என்றால் ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரல். முன்வண்டி நாலைந்து அடி நகர்ந்த பிறகு ஒரேயடியாக ஏறுங்கள். ஏற்றத்தில் டி-யில் (டிரைவ்) விட்டால் ஏஜிஎஸ் செகண்டுக்கும் தேர்டுக்கும் ஊசலாடும். எம்-முக்கு (மேனுவல்) தள்ளி செகண்டில் பிடித்து வையுங்கள். இந்தப் பழக்கம் வராது என்பவர்கள் மேனுவலிலேயே இருப்பது நல்லது, அல்லது காசு சேர்த்து டார்க் கன்வர்ட்டருக்குப் போகலாம்.

ஹில் ஹோல்டு (ஏற்றத்தில் கிளம்பும்போது பின்னால் உருளாமல் பிரேக்கைப் பிடித்து வைப்பது) உள்ள வேரியண்டா என்று பாருங்கள். புது ஸ்விஃப்டில் எல்லா வேரியண்டிலும் உண்டு. இரண்டு நொடிதான் பிடிக்கும். அது காலை மாற்ற அவகாசம் மட்டுமே, பிரேக்குக்கு மாற்று அல்ல.

நாலு சக்கர இழுவை யாருக்கு

முன்சக்கர இழுவை வண்டி ஏற்றத்தில் ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது. இழுக்க வேண்டிய முன்சக்கரம் லேசாகிறது. டிக்கியில் இரண்டு மூட்டை கேரட் இருந்தால் இன்னும் லேசாகும். காய்ந்த தாரில் இது தெரியாது. பாசி பிடித்த கான்கிரீட்டில், யூகலிப்டஸ் இலை நனைந்து கிடக்கும் பாதையில், களிமண் எஸ்டேட் ரோட்டில் தெரியும். நல்ல டயர் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மழைக்காலத்தில் பள்ளம் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழ் தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு வண்டியைக் குறை சொல்லக் கூடாது. மாட்டிக்கொண்டால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். அப்போது எடை சாயும் பக்கத்தில் இழுவைச் சக்கரம் இருக்கும். நேராக ஏறாத சரிவில் ரிவர்ஸில் ஏறிவிடும்.

இதற்கும் மசியாத பாதையில் தினமும் போக வேண்டியவர்களுக்குத்தான் ஜிம்னி. ஏணிச் சட்டகம், லோ ரேஞ்சு (மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் கூடுதல் கியர்), வழுக்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து மற்ற சக்கரத்துக்குப் பலம் அனுப்பும் ஏற்பாடு. மஞ்சூர், கோரகுந்தா பக்கத்து எஸ்டேட் மேலாளருக்கு இது பொருத்தம். ஊட்டி டவுனில் இருந்துகொண்டு வாங்கினால் நாலு பேருக்கு மேல் உட்கார முடியாது, பின்சீட் போட்டிருந்தால் டிக்கி 208 லிட்டர்தான், பெட்ரோலும் கூடக் குடிக்கும். நாலு சக்கரமும் இழுக்கும் 4எச் கியரைக் காய்ந்த தாரில் போட்டு ஓட்டக் கூடாது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்படுவதால் வளைவில் டயர் இழுபடும், ஸ்டியரிங் கனக்கும், கியர் அமைப்புக்கு வேதனை. மண், சேறு, ஈரப் புல் வந்தால் மட்டும் போடுங்கள். கிராண்ட் விட்டாராவின் நாலு சக்கர இழுவையான ஆல்கிரிப் தானாகவே பின்சக்கரத்துக்குப் பலம் அனுப்பும், தாரிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் லோ ரேஞ்சு கிடையாது. நனைந்த சாலைக்கு அது, கரடுமுரடுக்கு ஜிம்னி.

ஈகோவை இங்கே நினைவுபடுத்த வேண்டும். பின்சக்கர இழுவை, 104 நியூட்டன் மீட்டர் 3,000 ஆர்பிஎம்மிலேயே. பழைய ஆம்னியைப் போல ஆள் ஏறினால் ஏற்றத்தில் பிடிப்பு கூடும். காலியாக, ஈரத்தில், வளைவில் பிரேக் போட்டால் பின்பக்கம் வழுக்கும். கடைக்காரர், பேக்கரி, பள்ளிக்கூடச் சவாரிக்கு இதைவிட மலிவான வேன் மாருதியில் இல்லை.

இறக்கம்

ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் வெட்கம்தான். இறக்கத்தில் பிரேக் போனால் என்ன ஆகும் என்பது கல்லட்டி ரோட்டில் 36 வளைவும் இறங்கியவர்களுக்குத் தெரியும். அந்தப் பாதையில் இறங்க நீலகிரிப் பதிவு வண்டிகளுக்குத்தான் அனுமதி என்பதும் இதனால்தான். சின்ன பெட்ரோல் இன்ஜினில் இன்ஜின் பிரேக்கிங் (கியரில் விட்டு இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிப்பது) குறைவாகத்தான் கிடைக்கும். செகண்டில் இறங்கியும் வேகம் 35-ஐத் தாண்டினால் ஃபர்ஸ்ட். ஏஜிஎஸ்ஸில் எம்-மில் வைத்து இறங்குங்கள். பிரெஸ்ஸா, எர்டிகா ஆட்டோமேட்டிக்கில் ஸ்டியரிங் பின்னால் கியர் மாற்றும் பேடில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோலோடு பேட்டரி மோட்டாரும் ஓட்டுவது) பற்றிப் பலருக்கும் ஒரு ஆசை: இறங்கும்போது பேட்டரி நிரம்பிவிடும், பெட்ரோல் மிச்சம் என்று. நிரம்பத்தான் செய்யும். ஆனால் அந்த பேட்டரி 0.76 கிலோவாட் மணி அளவுதான். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம்வரை 1,900 மீட்டர் இறங்கும் 1,300 கிலோ வண்டியில் கிட்டத்தட்ட 6.7 கிலோவாட் மணி சக்தி அடங்கியிருக்கிறது. காற்றும் டயரும் தின்றது போக மீதியைச் சேர்க்க இடமில்லை. குன்னூர் தாண்டுமுன்பே பேட்டரி நிரம்பிவிடும், அதன்பின் மோட்டார் பிடிப்பதும் குறையும். லீவரை இன்ஜின் பிரேக்குக்கான பி-யில் போட்டு இறங்குங்கள். டவுனுக்குள்ளேயே ஏறி இறங்கி ஓடும் வண்டிக்கு ஹைப்ரிட் நன்றாகவே லாபம் தரும்.

சிஎன்ஜி ஸ்விஃப்ட் 70 குதிரைத்திறன். ஊட்டியில் 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் எடை பின்னால் உட்கார்ந்து முன்சக்கரத்தை இன்னும் லேசாக்கும். கோவைக்கு வாரம் நாலு நாள் ஓடுபவர் தவிர மற்றவர்கள் இதை மறந்துவிடலாம்.

வேரியண்ட் எடுக்கும்போது

‘ஊட்டிக்கு எதுக்குங்க ஏசி?’ என்று கேட்டு அடிமட்ட வேரியண்டை எடுப்பவர்கள் ஜூலை மாத மழையில் துணியால் கண்ணாடி துடைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கிறது. கண்ணாடி ஆவி பிடிக்காமல் இருப்பது அதனால்தான். ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் அரை நிமிடத்தில் தெளிந்துவிடும். பின் கண்ணாடிக்கு டிஃபாகரும் (ஆவியைப் போக்கும் சூட்டுக் கம்பி) வைப்பரும் உள்ள வேரியண்ட்வரை ஏறிப் போங்கள். இவை இல்லாத ஹாட்ச்பேக்கை மூடுபனியில் ரிவர்ஸ் எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பதுதான். சன்ரூஃப், பெரிய திரை இவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை டயருக்கும் ஃபாக் லேம்புக்கும் கொடுக்கலாம்.

விலையில் ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு உள்பட்ட நீளமும் 1,200 சிசிக்கு உள்பட்ட பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்; அந்த அளவைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு 40. பிரெஸ்ஸாவும் ஜிம்னியும் 4 மீட்டருக்குள் அடங்கினாலும் இன்ஜின் 1,462 சிசி என்பதால் 40-இல் விழுகின்றன. ஃப்ராங்க்ஸ் டர்போ 998 சிசி, ஆகவே 18. பிரெஸ்ஸாவா ஃப்ராங்க்ஸ் டர்போவா என்று தடுமாறுபவர்கள் ஆன்ரோடு விலையை எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

வண்டியைக் கோவையில் எடுத்தாலும் பதிவு நீலகிரி முகவரியில், டிஎன் 43-இல் இருக்கட்டும். 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம்; உள்ளூர்ப் பதிவுக்கு அது வேண்டாம்.

டெஸ்ட் டிரைவைக் கோவை அவிநாசி ரோட்டில் செய்து முடிவெடுக்காதீர்கள். ஊட்டியிலோ குன்னூரிலோ, நாலு பேர் ஏறி, ஏசி போட்டு ஓட்ட வேண்டும். நடுச் சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கிலிருந்து 2,000 ஆர்பிஎம்முக்குள் கிளப்பிப் பாருங்கள். கிளட்ச் உறுமாமல் நகர வேண்டும். ஒரு வளைவை செகண்டில் 15 கி.மீ. வேகத்தில் எடுத்து, முழுக்க மிதித்துப் பாருங்கள். இழுக்காமல் உதறினால் அந்த வண்டியில் வாழ்நாள் முழுக்க ஃபர்ஸ்ட் போட்டே ஓட்ட வேண்டியிருக்கும். வீட்டுச் சரிவில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். கடைசியாக, காலை எடுத்துவிட்டு செகண்டில் இறக்கி, வேகம் எவ்வளவில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

டெலிவரி கோவையில் என்றால் அன்றைக்கே குடும்பத்தோடு ஏறி வர வேண்டாம். புது பிரேக் பேடு டிஸ்க்கோடு ஒட்டிப் பழகச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், புது இன்ஜினை முதல் 1,000 கி.மீ. முழு பாரத்தில் முக்க வைக்கக் கூடாது. இரண்டு பேர் மட்டும் வெறும் வண்டியில், அதிகாலையில், நெரிசல் இல்லாமல் ஏறி வாருங்கள். 1,000 கி.மீ. முதல் சர்வீஸில் கிளட்ச் பெடலின் தளர்வையும் பிரேக் ஆயில் அளவையும் பார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.